தங்கவயலின் தூசி: மூடப்பட்ட சுரங்கம் விட்டுச்சென்ற உடல்நலக் கணக்கு

கோலார் தங்கவயலில் 120 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தங்கம் சுமார் 800 டன். அதற்காக வெட்டி மேலே கொண்டுவந்து அரைக்கப்பட்ட பாறை சுமார் 5.1 கோடி டன். ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்த்தால், ஒரு கிராம் தங்கத்துக்கு ஏறத்தாழ 64 கிலோ பாறை மாவாக்கப்பட்டிருக்கிறது. எட்டு கிராம் கொண்ட ஒரு சவரனுக்கு அரை டன்னுக்குச் சற்று மேல். தங்கம் முதலில் லண்டனுக்கும், பின்னர் இந்திய அரசிடமும் போய்ச் சேர்ந்தது. பாறைத்தூளின் பெரும்பகுதி ஊரைச் சுற்றி மேடுகளாக இன்றும் நிற்கிறது. எடையில் மிகச் சிறியதும் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியதுமான ஒரு பகுதி, அந்தப் பாறையைத் துளைத்தவர்களின் நுரையீரலில் போய்த் தங்கியது. தங்கவயல் மக்களின் இன்றைய உடல்நலத்தைப் பற்றிப் பேச விரும்புவோர் அந்தச் சிறு பகுதியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர, தமிழக எல்லைகளுக்கு அருகே இருக்கும் இந்த ஊர், 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வந்த பிறகே தொழில் நகரமாக உருவெடுத்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் அடுத்தடுத்து ஆழம் போயின. 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து இங்கே மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூரின் தெருக்களுக்கு மின்விளக்கு வருவதற்கும் முன்னர் சுரங்க இயந்திரங்களுக்கு மின்சாரம் கிடைத்துவிட்டது. மேற்பார்வையிட இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து அனுபவமுள்ள சுரங்கக்காரர்கள் வந்தார்கள். பாறையை உடைக்க வந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களிலும் பெரும்பான்மையினர் ஆதிதிராவிடர்கள்.

இத்தனை ஆபத்தான வேலைக்கு ஏன் இவ்வளவு பேர் வந்தார்கள் என்று கேட்பவர்களுக்கு, அவர்கள் எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். பஞ்சத்தையும், பண்ணையாள் முறையையும், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட வாழ்வையும் விட்டுவிட்டு அவர்கள் வந்தார்கள். சுரங்கம் கூலியைக் காசாகக் கொடுத்தது. பண்ணையாருக்கு முன் கைகட்டி நிற்க வேண்டிய தேவை அங்கே இல்லை. அயோத்திதாசப் பண்டிதரின் தமிழ்ப் பௌத்த இயக்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வலுவான கிளைகள் இருந்ததும், படிப்பகங்களும் அச்சகமும் அங்கே தோன்றியதும் இந்த விடுதலை உணர்விலிருந்து வந்தவை. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். குற்றவாளிகளைப் போலத் தம்மை நடத்துவதை ஏற்க மறுத்தவர்கள் அவர்கள். மானத்தைக் கொடுத்த அதே இடம் மூச்சையும் எடுத்துக்கொண்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் தங்கவயலைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

நோயின் இயக்கம் எளிமையானது, அதனாலேயே கொடுமையானது. தங்கவயலின் முதன்மையான தாதுப்படுகை குவார்ட்ஸ் எனப்படும் வெண்கல்லில் அமைந்திருக்கிறது. குவார்ட்ஸ் என்பது படிக வடிவிலுள்ள சிலிக்கா. அதைத் துளைக்கும்போதும், வெடி வைக்கும்போதும், அள்ளிக் கொட்டும்போதும் எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியும் பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியே வந்துவிடும். ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்கள் மட்டுமே நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை போகின்றன. அங்கே கிருமிகளை விழுங்கி அழிக்கும் காவல் செல்கள் இந்தத் துகளையும் விழுங்குகின்றன. கிருமியைப் போல சிலிக்காவைச் செரிக்க முடியாததால் அந்தச் செல் செத்துப்போகிறது. துகள் வெளியே வந்து அடுத்த செல்லால் விழுங்கப்படுகிறது. ஒவ்வொரு செல் சாகும்போதும் சிறிது வீக்கமும் சிறிது தழும்பும் மிஞ்சுகின்றன. தழும்புகள் முடிச்சுகளாகி, முடிச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பஞ்சு போலிருக்க வேண்டிய நுரையீரல் கெட்டியாகிவிடுகிறது. இதுதான் சிலிகோசிஸ். இதைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

இந்த விவரத்தில் நம் கவனத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. துகள் ஒருமுறை உள்ளே தங்கிவிட்டால், மனிதர் சுரங்கத்தை விட்டு வெளியேறிய பிறகும் செல்களைக் கொல்லும் வேலை நிற்பதில்லை. தூசிக்கு ஆட்படத் தொடங்கிப் பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குப் பிறகே எக்ஸ்ரே படத்தில் முடிச்சுகள் தெரிவது இந்நோயின் வழக்கமான போக்கு. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் வெள்ளையினத் தொழிலாளர்களை நீண்டகாலம் பின்தொடர்ந்து 1993இல் வெளியான ஓர் ஆய்வில், சிலிகோசிஸ் கண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, சுரங்கத்திலிருந்து விலகிய பிறகே நோயின் அறிகுறி படத்தில் தெரிந்தது. விலகியதிலிருந்து சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பணியில் இருக்கும்போது எடுத்த கடைசிப் படத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டிருந்தால் அவர்கள் அனைவரும் நலமானவர்கள் என்றே பதிவாகியிருப்பார்கள்.

இனி வரலாற்றுக்கு வருவோம். பாறைத்தூசி கொல்லும் என்பது தங்கவயல் நிர்வாகத்தினருக்குத் தெரியாத செய்தியாக இருந்திருக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் தங்கச் சுரங்கங்களில் இயந்திரத் துளைப்பான் இயக்கிய கார்ன்வால்காரர்கள், ஊர் திரும்பி முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். அதை ஆராய்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன் குழு, 1904இல் அளித்த அறிக்கையில் காரணம் கல்தூசிதான் என்று கூறியது. துளைப்பானின் முனையில் தண்ணீர் பீய்ச்சினால் தூசி பெருமளவு அடங்கும் என்பதும் அப்போதே தெரிந்திருந்தது. தென்னாப்பிரிக்காவில் 1911இலேயே இந்நோய்க்கு இழப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. பலன் முதன்மையாக வெள்ளையருக்குப் போனது என்பது வேறு அநீதி. தங்கவயலை மேற்பார்வையிட்டவர்கள் அதே கார்ன்வால் மண்ணிலிருந்து வந்தவர்கள். ஆனால் கோலாரில் சிலிகோசிஸ் இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக மைசூர் அரசின் விதிகளில் இடம்பிடித்தது 1940இல்தான். இந்தியாவில் இது மிக முற்பட்ட முயற்சி என்று பெருமையோடு சொல்லப்படுவதுண்டு, அது உண்மையும்கூட. என்றாலும் கார்ன்வால் அறிக்கைக்கும் இந்த விதிக்கும் இடையிலிருந்த 36 ஆண்டுகளில் இரண்டு தலைமுறைத் தொழிலாளர்கள் இறங்கி ஏறியிருக்கிறார்கள்.

விதி வந்த பிறகு நடந்த மருத்துவப் பரிசோதனைகள் நோயின் அளவைக் காட்டின. 1940 முதல் 1946 வரை 7,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்ததில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் சிலிகோசிஸ் இருந்தது. பத்துப் பேர் சுரங்கக் கூண்டில் ஏறி ஆழத்துக்கு இறங்கினால் அதில் நால்வரின் நுரையீரல் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். இந்த எண்ணும் முழுமையானதாக இருக்க வழியில்லை. தொழில்நோய் ஆய்வாளர்கள் நன்கறிந்த ஒரு பிழை இத்தகைய கணக்குகளில் எப்போதும் இருக்கும்: வேலைத்தளத்தில் நின்று எண்ணும்போது வேலை செய்யக்கூடியவர்கள் மட்டுமே கணக்கில் வருகிறார்கள். மூச்சு வாங்கிப் படுத்தவர் வட ஆர்க்காட்டுக் கிராமத்துக்குத் திரும்பியிருப்பார். அங்கே அவர் இறந்தால் அது காசநோய் என்றோ இருமல் என்றோ ஊரின் நினைவில் நிற்கும். தங்கவயலின் நோய்ப்பட்டியலில் அவர் பெயர் ஏறாது.

பின்னாளில் ஈரத் துளைப்பு முறையும் காற்றோட்ட ஏற்பாடுகளும் தூசியைக் குறைத்தன. மறுக்க வேண்டியதில்லை, அந்தப் பொறியியல் பணி பல உயிர்களைக் காத்திருக்கும். ஆனால் சுரங்கம் ஆழம் போகப் போக வேறு சுமைகள் கூடின. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, அக்காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டியது. குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பினால்தான் மனிதர் நிற்க முடியும். தூசியை அடக்கப் பீய்ச்சிய நீரே காற்றின் ஈரப்பதத்தைக் கூட்டி வியர்வை உலர விடாமல் செய்தது. பெரும் அழுத்தத்திலிருந்த பாறை திடீரென வெடித்துச் சிதறும் நிகழ்வுகள் அடிக்கடி உயிர்ப்பலி கொண்டன. விபத்தில் இறந்தவர்களுக்குத் தேதியும் இடமும் உண்டு, சில சமயம் நினைவுக்கல்லும் உண்டு. தூசியால் இறந்தவர்களுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. ஒரு ஊரின் நினைவில் விபத்து பெரிதாகவும் நோய் சிறிதாகவும் பதிவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை மத்திய அரசிடம் போயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் உருவானது. தொடக்க ஆண்டுகளில் ஒரு டன் தாதுவில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசியில் மூன்று கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஒரு காலத்தில் 30,000 பேர்வரை வேலை பார்த்த இடத்தில் கடைசியாக எஞ்சியிருந்த சில ஆயிரம் பேர் வெளியேறினார்கள்.

மூடப்பட்ட அந்த நாளை நோயின் நாட்காட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். 2001இல் 30 வயதில் கடைசியாக மேலேறி வந்த ஒருவர் இன்று ஐம்பதுகளின் நடுவில் இருக்கிறார். பத்து முதல் முப்பது ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும் நோய்க்கு அவர் இப்போதுதான் உரிய வயதில் இருக்கிறார். அவர் படியேறும்போது மூச்சு வாங்குவதை வயது என்றும், விடாத இருமலைப் பீடி என்றும், எடை குறைவதைச் சர்க்கரை நோய் என்றும் விளக்கிவிடுவது எளிது. அவற்றுக்கும் பங்கு இருக்கக்கூடும். பீடி புகைத்தவரின் நுரையீரலைச் சிலிக்கா மேலும் விரைவாகக் கெடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் ‘எந்தச் சுரங்கத்தில், எத்தனை ஆண்டு, என்ன வேலை பார்த்தீர்கள்’ என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் எழுதப்படும் மருந்துச்சீட்டு, நோயாளியின் வாழ்க்கையில் பாதியைப் படிக்காமல் விட்டுவிடுகிறது.

சட்டத்தின் அமைப்பும் இந்த மறதிக்குத் துணைபோகிறது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்கீழ் சிலிகோசிஸ் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கப்பட்டது. 1955ஆம் ஆண்டுச் சுரங்க விதிகள் பணியில் இருப்போருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. இவையெல்லாம் ஒரு முதலாளி இருக்கிறார், அவரிடம் ஒரு வருகைப்பதிவேடு இருக்கிறது, அதில் தொழிலாளியின் பெயர் இருக்கிறது என்ற அனுமானத்தில் எழுதப்பட்டவை. பதிவேடு மூடப்பட்ட பிறகு யார் படம் எடுப்பது, யார் அறிவிப்பது, யாரிடம் இழப்பீடு கேட்பது? வேலையில் இருப்பவரை மட்டும் கண்காணிக்கும் ஏற்பாடு, வேலையை விட்ட பிறகே பெரும்பாலும் வெளிப்படும் ஒரு நோய்க்கு எவ்வகையிலும் பொருந்தாது. தங்கவயலின் துயரத்தில் தீய எண்ணத்தைவிட இந்தப் பொருந்தாமைக்கே பெரிய பங்கு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதனாலேயே இது திருத்தக்கூடியதும்கூட.

சிலிகோசிஸ் தனியாக வருவதில்லை. கிருமியை விழுங்கும் காவல் செல்களையே சிலிக்கா கொல்வதால், காசநோய்க் கிருமிக்குக் கதவு திறந்தேயிருக்கிறது. சிலிக்கா தங்கிய நுரையீரலில் காசநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. சிலிகோசிஸ் இன்னும் படத்தில் தெரியாத நிலையிலேயே இந்த ஆபத்து கூடிவிடுகிறது என்பதும், தூசியை விட்டு விலகிய பிறகும் அது நீடிக்கிறது என்பதும் தென்னாப்பிரிக்க அனுபவம் காட்டும் உண்மைகள். இரண்டு நோயும் எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேற்பகுதியில் நிழலாகத் தெரிவதால், சிலிகோசிஸ் நோயாளிக்குக் காசநோய் மருந்து திரும்பத் திரும்பக் கொடுக்கப்படுவது இந்தியாவின் கல்குவாரி, சுரங்கப் பகுதிகளில் பரவலாகக் காணப்படும் தவறு. மாறாக, உண்மையான காசநோய் இருந்தால் அது தொழிலாளியோடு நிற்பதில்லை. ஒற்றை அறை வீட்டில் அவரோடு உறங்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது போகிறது. சுரங்கத்தில் ஒருபோதும் இறங்காத ஒரு பெண்ணின் காசநோயில், அவள் மாமனார் அறுபது ஆண்டுகளுக்கு முன் சுவாசித்த தூசிக்கும் ஒரு பங்கு இருக்க முடியும். படிக சிலிக்காவை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. சிறுநீரக நோய்க்கும் முடக்குவாதத்துக்கும்கூட அதனோடு தொடர்பு காணப்பட்டுள்ளது.

ஊருக்குள் நுழைபவரின் கண்ணில் முதலில் படுவது மேடுகள்தான். அரைத்த தாதுவைச் சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சிய மண் அது. மக்கள் சயனைடு மேடு என்றே சொல்கிறார்கள். 13 மேடுகள், ஆயிரம் ஏக்கர் பரப்பு, சுமார் 3.3 கோடி டன். பெயரிலிருக்கும் சயனைடு அச்சத்தை எழுப்புகிறது. ஆனால் வெயிலிலும் காற்றிலும் சயனைடு காலப்போக்கில் சிதைந்துவிடும் பொருள். சிதையாதது அந்த மண்ணின் பெரும்பகுதியான சிலிக்கா. தங்கத்தின் கடைசித் துளியையும் எடுப்பதற்காக எவ்வளவு நுண்ணியதாக அரைத்தார்களோ அவ்வளவு எளிதாக அது காற்றில் எழும்புகிறது. கோடைக்காற்று அடிக்கும் மாதங்களில் அருகிலுள்ள, ‘லைன்’ எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் தரையிலும் பாத்திரங்களிலும் துணிகளிலும் வெண்சாம்பல் நிறத்தில் படிகிறது. மழை பெய்தால் சல்ஃபைடு கனிமங்களையும் உலோகத் துகள்களையும் கொண்ட கழிவு தாழ்வான நிலங்களுக்கும் ஓடைகளுக்கும் இறங்குகிறது.

இந்தத் தூசி மேலே வாழ்பவர்களுக்கு என்ன செய்யும் என்பதில் நிதானம் தேவை. சுரங்கத்துக்குள் துளைப்பவர் சுவாசித்ததோடு ஒப்பிட்டால் தெருவில் நடப்பவர் சுவாசிக்கும் அளவு மிகக் குறைவு. மேட்டருகே வசிக்கும் எல்லாருக்கும் சிலிகோசிஸ் வரும் என்று சொல்வது அறிவியல் ஆகாது. அதேவேளை, தொழிலோடு தொடர்பே இல்லாமல் காற்றுவழித் தூசியால் மட்டும் நுரையீரல் நோய் வரக்கூடும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. லடாக்கில் சுரங்கமோ தொழிற்சாலையோ இல்லாத கிராமங்களில், புழுதிப்புயலும் அடுப்புப்புகையும் சேர்ந்து அங்கு வாழ்பவர்களுக்கு இத்தகைய நோயை உண்டாக்கியிருப்பதை 1991இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆகவே மேட்டருகே வளரும் ஒரு குழந்தைக்கு ஆஸ்துமா வரும்போதும், முதியவருக்கு மூச்சுக்குழாய் நோய் முற்றும்போதும், அந்த மேட்டைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டுப் பேச முடியாது. கோலார் மாவட்டத்தின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பது போன்ற, சுரங்கத்தோடு நேரடித் தொடர்பில்லாத சுமைகளும் இதே உடல்கள்மீதுதான் ஏறுகின்றன.

சுரங்கம் நுரையீரலுக்கு மட்டும் வடிவம் தரவில்லை. வீட்டுக்கும் தெருவுக்கும் கழிப்பறைக்கும் அதுவே வடிவம் தந்தது. தொழிலாளர்களுக்கு வரிசை வரிசையாக ஒற்றை அறைக் குடியிருப்புகள் கட்டப்பட்டன. தொடக்கத்தில் மூங்கில் தட்டிச் சுவர்கள், பின்னர் சற்றே உறுதியானவை. நெரிசல் தாங்காமல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட்சன்பேட்டை தனி நகராக அமைக்கப்பட்டது. பாலாற்றின் குறுக்கேயுள்ள பேத்தமங்கலம் நீர்த்தேக்கத்திலிருந்து சுரங்கத்துக்கும் குடியிருப்புக்கும் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. ஐரோப்பியரின் பங்களாக்கள் தோட்டங்களோடு மேட்டுநிலத்தில் இருந்தன. லைன்களுக்குப் பொதுக் கழிப்பறைகள் இருந்தன. கையால் அள்ள வேண்டிய உலர் கழிப்பறைகளாக இருந்த அவற்றில் பல, நிறுவனம் மூடப்பட்ட பிறகும் அப்படியே நீடித்தன. 1993இலேயே சட்டம் தடைசெய்த ஒரு வேலை, தங்கவயலில் 2011 வரை நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு மலக்குழியில் இறங்கிய மூவர் இறந்த பிறகே வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. இதையும் தொழில்வரலாற்றின் உடல்நல விளைவாகவே எண்ண வேண்டும். சாதியால் ஒதுக்கப்பட்டவர்களைத் தேடிப்பிடித்து ஆழத்துக்கு அனுப்பிய தொழில், அவர்களுக்கென்று கட்டிய வசிப்பிடத்திலும் அதே படிநிலையைச் செங்கல்லும் சுண்ணாம்புமாக நிலைநிறுத்தியது. செங்கல் நிறுவனத்தைவிட அதிக நாள் நிற்கிறது.

நிறுவனத்தின் மருத்துவமனையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பல மாவட்டத் தலைநகரங்களில் இல்லாத மருத்துவ வசதி ஒரு காலத்தில் இந்தச் சுரங்க ஊரில் இருந்தது. காலரா, பிளேக், விபத்து, பேறுகாலம் என எல்லாவற்றுக்கும் தொழிலாளர் குடும்பங்கள் அங்கேதான் போயின. மார்புப்படம் பார்த்துத் தூசிநோயை அடையாளம் காணும் தேர்ச்சியும் அங்கிருந்த மருத்துவர்களிடம் தலைமுறையாகச் சேர்ந்திருந்தது. சுரங்கம் மூடப்பட்டபோது அந்த மருத்துவமனையும் போயிற்று. வேலை, வீடு, தண்ணீர், மருத்துவம் ஆகிய நான்கையும் ஒரே நிறுவனம் தரும் ஊரில், அந்த நிறுவனம் போனால் நான்கும் ஒரே நாளில் ஆட்டம் காணும். நோய் வெளிப்படத் தொடங்கும் வயதில், அந்த நோயை நன்கறிந்த மருத்துவர்கள் இல்லாமல் போனார்கள்.

பிறகு ரயில். 1,60,000க்கும் மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட ஊரில் சொல்லத்தக்க வேறு வேலை இல்லாததால், பல்லாயிரம் பேர் விடியுமுன் எழுந்து மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் பெங்களூருக்குப் போகிறார்கள். தையல் ஆலை, கட்டடம், காவல், அலுவலக வேலை என்று முடித்து இரவில் திரும்புகிறார்கள். போகவர நான்கைந்து மணி நேரம் நின்றோ நெருங்கி உட்கார்ந்தோ பயணம் செய்பவருக்கு உறக்கம் குறைகிறது, வீட்டுச் சமையல் தவறுகிறது, பகலில் மட்டும் திறந்திருக்கும் மருத்துவமனைக்குப் போக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் முற்றிய பிறகே தெரியவரும் உடல்களை இத்தகைய நாளொழுங்குதான் உருவாக்குகிறது. வீட்டில் மூச்சு முட்டும் முதியவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. அவளே காலையில் ரயில் ஏறுபவளாகவும் இருக்கிறாள். பாட்டனின் தூசியும் பேத்தியின் களைப்பும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கங்கள் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் சுரங்கம் மூடியபோது மாற்று வேலைக்கான ஏற்பாடு இருந்திருந்தால் இந்தப் பயணம் தேவைப்பட்டிராது.

செய்யக்கூடியது என்ன என்பதற்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. தென்னாப்பிரிக்காவில் 1990களில் ஆய்வாளர்கள் சுரங்க வாசலை விட்டுவிட்டு, தொழிலாளர்களை அனுப்பிய ஊர்களுக்கே போய்ப் படம் எடுத்தார்கள். கிழக்குக் கேப் பகுதியிலும் அண்டைநாடான போட்ஸ்வானாவிலும் முன்னாள் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களில் நால்வரில் ஒருவருக்கு, சில கணக்குகளில் மூவரில் ஒருவருக்கு, தூசிநோய் இருப்பது தெரியவந்தது. நிறுவனப் பதிவேடுகள் ஒருபோதும் காட்டாத அளவு அது. அந்தச் சான்றுகள் வழக்கானது. பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின் 2018இல் ஆறு தங்கச் சுரங்க நிறுவனங்கள் சுமார் 500 கோடி ராண்ட் மதிப்புள்ள இழப்பீட்டு உடன்பாட்டுக்கு வந்தன. 1965 முதல் பணியாற்றியவர்களும், இறந்தவர்களின் குடும்பத்தினரும் அதன்கீழ் கோரலாம். இந்தியாவில் ராஜஸ்தான் அரசு 2019இல் தூசிநோய்க்கென்று தனிக் கொள்கை வகுத்து, நோய் உறுதியானவருக்கு 3 லட்சம் ரூபாயும், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், மாத ஓய்வூதியமும் அறிவித்தது. யாரிடம் வேலை பார்த்தார் என்று நிரூபிக்க முடியாத கல்குவாரித் தொழிலாளியையும் அது ஏற்கிறது என்பதுதான் அதன் சிறப்பு. செயல்பாட்டில் குறைகள் இருந்தாலும், பதிவேடு இல்லை என்பதால் நோயும் இல்லை என்று சொல்லும் பழக்கத்தை அது உடைத்தது.

தங்கவயலின் நிலை ஒருவகையில் ராஜஸ்தானைவிட எளிது. இங்கே முதலாளி யார் என்ற ஐயமே இல்லை. கடைசி நான்கு பத்தாண்டுகள் மத்திய அரசுதான் உரிமையாளர். பணிப் பதிவுகளும் ஓய்வூதியக் கணக்குகளும் வருங்கால வைப்புநிதிப் பட்டியல்களும் யார், எங்கே, எத்தனை ஆண்டு வேலை பார்த்தார் என்பதைக் காட்டக்கூடியவை. தேவைப்படுவது ஓர் எக்ஸ்ரே கருவி, மூச்சுத்திறனை அளக்கும் கருவி, படத்தைப் படிக்கத் தெரிந்த மருத்துவர், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்கள். வேலூர், திருப்பத்தூர், சித்தூர் மாவட்டங்களின் கிராமங்களுக்குத் திரும்பிப்போனவர்களையும் தேட வேண்டியிருப்பதால், மூன்று மாநிலங்கள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. சிலிகோசிஸ் குணமாகாது என்பதால் கண்டறிந்து பயனில்லை என்று வாதிடுவோர் உண்டு. கண்டறிந்தால் காசநோயை முன்கூட்டியே தேடித் தடுக்கலாம், புகைப்பதை நிறுத்த உதவலாம், சளிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போடலாம், மூச்சு முட்டும் காலத்தில் ஆக்சிஜன் ஏற்பாடு செய்யலாம், குடும்பத்துக்கு உரிய இழப்பீட்டைப் பெற்றுத் தரலாம். குணப்படுத்த முடியாத நோயாளிக்கும் இத்தனை செய்ய இருக்கிறது.

இதற்கிடையில் மேடுகள் மீண்டும் செய்தியாகியிருக்கின்றன. அவற்றில் இன்னும் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுப்பதற்காக, 13 மேடுகளையும் ஏலத்தில் விடும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. ஊருக்கு வேலை வரும் என்ற எதிர்பார்ப்பு இயல்பானது. மேடுகள் ஒருவேளை முற்றிலும் அகலவும் கூடும் என்பதில் நன்மையும் இருக்கிறது. ஆனால் 3.3 கோடி டன் நுண்மண்ணைக் கிளறி, வண்டிகளில் ஏற்றி, மறுபடி அரைப்பது என்பது பல்லாண்டுகளாக ஓரளவு இறுகிக் கிடக்கும் தூசியை எழுப்பும் வேலை. பணி தொடங்குமுன் லைன்களின் காற்றில் இப்போது எவ்வளவு சிலிக்கா இருக்கிறது என்று அளந்து வைக்க வேண்டும். சுற்றியுள்ள பள்ளிகளின் குழந்தைகளுக்கும் முன்னாள் தொழிலாளர்களுக்கும் மார்புப் பரிசோதனை முடித்து, அந்த முடிவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும். மண்ணை ஈரப்படுத்தாமல் அள்ளக் கூடாது, மூடாத லாரி ஓடக் கூடாது என்பவை ஒப்பந்தத்தின் விதிகளாக இருக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரின் பெயரும், அவர் விலகிய பிறகு முப்பது ஆண்டுகளுக்குப் பரிசோதனை செய்யும் பொறுப்போடு சேர்த்து, ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவேடு ஒப்பந்ததாரரிடம் இல்லாமல், ராபர்ட்சன்பேட்டையின் அரசு மருத்துவமனையில் இருக்க வேண்டும்.